வெறும் கான் எங்கே?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

போன மாதம் நான் சும்மா கராஜ் பக்கம் எட்டிப் பார்த்தபோது உங்களில் ஒருத்தி வேலை விவரம் எழுதும் ஜொப் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கார்டின் கடைசி வரிதான் காரணம். "வெறும் ஒயில் கான் வாடிக்கையாளரிடம் கையளிக்கப்பட்டதா?" என்று அச்சடித்து, பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டிருக்கும். "அங்கிள், வெறும் பிளாஸ்டிக் கானுக்குமா கையெழுத்து?" என்று கேட்டாள். நான் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பஸ் வருகிறது என்று சொல்லித் தப்பி வந்துவிட்டேன். அந்த வரி அங்கே இருப்பதற்கு நான்தான் காரணம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். எழுதுவதென்றால் பரவாயில்லை, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் அன்ரன். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கிருந்தே முப்பத்துநாலு வருடம் பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருக்கும் இந்தக் கராஜுக்கு வேலைக்கு வந்து போனவன். முதல் ஆறு வருடம் ஸ்பானர் பிடித்தேன். மிச்சம் முழுக்கப் பேனை பிடித்தேன். வாடிக்கையாளரோடு கதைத்து, வண்டிக்கு என்ன வருத்தம் என்று கேட்டு, கார்டை நிரப்பி, வேலை முடிந்ததும் சாவியைக் கையில் கொடுக்கும் வேலை. ஸ்பானர் பிடித்தவன் பிழை விட்டால் ஒரு நட்டு கழலும். பேனை பிடித்தவன் பிழை விட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தத் தொழிலில் உங்களிடம் ஓயாமல் கேட்கப்படப் போகும் கேள்வி ஒன்றுதான். எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும்? கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலை ஏற்கெனவே எங்கிருந்தோ வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஒருவருக்கு லண்டனில் மச்சான் இருப்பார். அந்த மச்சான் பதினையாயிரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறாராம். லண்டன் மச்சானின் கார் நெடுஞ்சாலையில் நின்று மூச்சு வாங்காமல் ஓடுகிறது. இவருடைய கார் வெள்ளவத்தைச் சந்தையடியில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மீற்றர் அசையாது, எஞ்சின் மட்டும் வேர்க்கும். பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் நூறு யார் தூரம் நகர்வதற்கு அரை நாள் எஞ்சினை ஓடவிட்டவர்கள் எல்லோரும் பிறகு வந்து, "மீற்றரில ஒண்டும் ஏறேல்லையே" என்று என்னோடு சண்டை பிடித்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. எங்கள் கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலைக்கு ஆள் ஏற்றும் டீசல் வான்காரர் ஒருவர், மாதாமாதம் நல்ல ஒயிலை வடித்து ஊற்றிவிட்டுப் புதிது போடுவார். ஏனென்று கேட்டால், "கறுத்துப் போச்சு" என்பார். டீசல் வண்டியில் ஒயில் கறுக்காவிட்டால்தான் ஐயா பயப்பட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நான் ஸ்பானர் பிடித்த காலத்தில் எங்களுக்கு ஒரு போர்மன் இருந்தார். வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். அவர் சொன்னவற்றில் எழுதக்கூடியது ஒன்றே ஒன்று. "எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கிறவனுக்கு நம்பர் சொல்லாதே. உன் வண்டி ஒரு நாளைக்கு என்ன செய்யுது என்று திருப்பிக் கேள்." தங்கமான வார்த்தை. நான் அதைப் பதினைந்து பேருக்கு ஒப்புவித்திருப்பேன். என் வேலையில் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. நேரமில்லை என்று ஒரு ஸ்டிக்கரில் "அடுத்த ஒயில்: 5000 கி.மீ." என்று எழுதி, கார்க் கண்ணாடியின் மூலையில் ஒட்டி அனுப்பிவிடுவேன். மாதக்கணக்கு ஒன்றும் எழுத மாட்டேன். யார் அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பு.

மாஸ்டர் பார்த்தார்.

மாஸ்டர் என்றால் கணித மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் முப்பத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் கடற்பக்கத்து அடுக்குமாடி பிளட் ஒன்றுக்கு மனைவியோடு வந்து இருந்தவர். மனைவியும் ஆசிரியைதான். எங்களுக்கு அவர் ரீச்சர். இருவருக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கார். ஹைபிரிட். அதாவது மெதுவாகப் போகும்போது பற்றரியில் சத்தமில்லாமல் ஓடும், வேகம் தேவைப்பட்டால் எஞ்சின் தானாகப் பிடிக்கும், பிறகு தானாக நிற்கும். பற்றரியில் மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு பொத்தானும் உண்டு. மாஸ்டர் அந்தப் பொத்தானைச் சாமி விளக்கேற்றுவது போல பக்தியோடு அமத்துவார். ஏ.சி. போட்டால் பற்றரி குறையும் என்று கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஓட்டுவார். பக்கத்தில் ரீச்சர் யாருடையதோ கலியாணக் கார்டால் விசிறிக்கொண்டு வருவார்.

அது வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம். ஒரு எஞ்சின் போனால் இன்னொன்று எடுப்பது குதிரைக்கொம்பு. அதனால் மாஸ்டருக்கு அந்தக் கார் கார் மட்டுமல்ல. ரீச்சருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்தது. பஸ் படி, ரயில் படி ஏற முடியாது. அந்தக் கார் நின்றால் ரீச்சரும் வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணி போல, இருவரும் கராஜுக்கு வந்தார்கள். பின் சீற் முழுக்கப் பார்சல். அடுத்த நாள் விடியற்காலையில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுகிறார்களாம். அங்கே மகளுக்கு முதல் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளை பிறந்த தீட்டுக் கழிக்கும் சடங்கு. முழங்கால் காரணமாக ரீச்சர் பேரனை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார்.

"ரயருக்குக் காத்து மட்டும் பார்த்துவிடும் அன்ரன்," என்றார் மாஸ்டர்.

நான் கண்ணாடியில் ஸ்டிக்கரைப் பார்த்தேன். மீற்றரைப் பார்த்தேன். ஒயில் மாற்றி இரண்டு வருடமும் நாலு மாதமும். ஓடியது ஏழாயிரத்து இருநூறு.

"சேர், ஒயில் மாத்தணும். எப்பவோ மாத்தியிருக்கணும்."

மாஸ்டர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் தோள் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாவித்த அதே தடித்த அட்டைக் கொப்பி. உள்ளே சிவப்பு மையில் கோடு போட்டு, ஒவ்வொரு பயணமும் பதிந்திருந்தது.

"இஞ்ச பாரும். ஏழாயிரத்து இருநூறு எண்டது சில்லு ஓடின தூரம். எஞ்சின் ஓடின தூரம் இல்லை. நூற்றுக்கு ஐம்பத்தாறு பற்றரியில. மிச்சம் நாற்பத்துநாலு. அப்ப எஞ்சின் ஓடினது மூவாயிரத்து நூற்று அறுபத்தெட்டு. உம்மட ஸ்டிக்கரில என்ன எழுதியிருக்கு?"

"ஐயாயிரம், சேர்."

"அப்ப ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு மிச்சம். யாழ்ப்பாணம் போய்வர எண்ணூறு. முழுக்க எஞ்சின் எண்டு வைச்சாலும் திரும்பி வரேக்க ஆயிரத்து முப்பத்திரண்டு கையில இருக்கும். எங்க பிழை, சொல்லும் பாப்பம்?"

கணக்கில் பிழை இல்லை. அதுதான் என் கஷ்டம். வரவேற்பறையில் ஐந்தாறு வாடிக்கையாளர்கள் பேப்பரை மடக்கிவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். இதற்கு முன் இரண்டு தடவை இதே கணக்கால் என்னை மடக்கி அனுப்பியவர் அவர். இந்த முறை விட முடியாது. வன்னிக் காட்டு வழியில் எஞ்சின் இறுகிப்போனால், ரீச்சர் அந்த முழங்காலோடு றோட்டில் நிற்க வேண்டும்.

நான் பொனெற்றைத் திறந்து எஞ்சின் தலையில் இருக்கும் ஒயில் மூடியைக் கழற்றிக் காட்டினேன். மூடியின் அடியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு களி.

"சேர், எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடுறது நல்லதில்ல, கெட்டது. சூடாகிறதுக்குள்ள நின்டிருது. சூடாகினாத்தான் உள்ள இருக்கிற ஈரம் ஆவியாப் போகும். உங்கட வண்டி பிளட்டில இருந்து கோயிலுக்கு, கோயில்ல இருந்து மார்க்கெட்டுக்கு. ஒருநாளும் ஒழுங்காச் சூடாகல்ல. ஈரமும் பெட்ரோலும் ஒயிலோட கலந்து இப்பிடி ஆகிருச்சு. ஓடாட்டியும் ஒயில் பழசாகும்."

"ஓடாமல் எப்பிடித் தேயும்? நிரூபியும்."

நான் மூடியை மறுபடி நீட்டியபோது, பின்னாலிருந்து ரீச்சர் ஊன்றுகோலோடு வந்து மூடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, திங்கக்கிழமை வைச்ச சொதி. அண்டைக்கு ஒரு அகப்பைதான் எடுத்தது. மிச்சம் அப்பிடியே சட்டியில கிடக்கு. குறையேல்லைத்தானே எண்டு இண்டைக்குச் சாப்பிடுவியளோ?"

வரவேற்பறை கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் கொப்பியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடினார்.

"மாத்தும்," என்றார்.

பிள்ளைகளே, வெற்றி ரீச்சருடையது. ஆனால் மாலையை எடுத்து என் கழுத்தில் நானே போட்டுக்கொண்டேன். கார், வண்டி தூக்கும் ஹொயிஸ்டில் ஏறியது. எங்கள் கராஜின் கைராசிக்காரன் ரிஸ்வான், மாளிகாவத்தையிலிருந்து வருபவன், பழைய ஒயிலை வடிக்கத் தொடங்கினான். நான் வரவேற்பறையின் நடுவில் நின்று பிரசங்கம் வைத்தேன். மணிக்கணக்காக வைத்தேன். கிலோமீற்றரா, மாதமா, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு என்றேன். டாக்ஸிக்கு எப்படி, ஓடாத காருக்கு எப்படி, லண்டன் மச்சானுக்கு எப்படி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். ஒரு ஆள் போனில் வீடியோ எடுத்தார். மாஸ்டர் மூலையில் உம்மென்று இருந்தார்.

மதியம் நெருங்கும்போது ரிஸ்வான் கை கழுவித் தொப்பியோடு வந்து என் காதருகில் சொன்னான். "அண்ணே, வடிச்சாச்சு. பில்டரும் போட்டாச்சு, நட்டும் இறுக்கியாச்சு. ஒயில் மட்டுந்தான் ஊத்த ஈக்கி. நீங்க ஊத்திருங்க, நான் ஜும்ஆவுக்குப் போயிட்டு வாறன்."

"சரி சரி, நீ போ," என்றேன். அந்த நேரம் நான் ஈரம் எப்படி ஒயிலில் கலக்கிறது என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

பிரசங்கம் முடிந்தது. ரீச்சர் நேரம் போகிறது என்றார். நகைக்கடைச் செட்டியார் தெருவுக்குப் போய்ப் பேரனுக்குச் செய்யக் கொடுத்த பஞ்சாயுதம், அதுதான் குழந்தைக்குக் கட்டும் தங்கப் பதக்கம், எடுக்க வேண்டுமாம், கடை பூட்டிவிடுமாம். நான் பந்தாவாகக் காரைக் கீழே இறக்கினேன். பொனெற்றைச் சாத்தினேன். கண்ணாடியில் புதிய ஸ்டிக்கர் ஒட்டினேன். இந்த முறை "5000 கி.மீ. அல்லது 6 மாதம்" என்று இரண்டையும் எழுதினேன். எழுதும்போது மாஸ்டருக்குத் தெரியும்படி கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். சாவியைக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒயில் மாற்றினால் வெறும் கானை வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போவார். நல்ல ஒயில்தான் ஊற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. வீட்டில் மண்ணெண்ணெய் வைக்கவும் உதவும். மாஸ்டர் ஒருநாளும் கானை விட்டுவிட்டுப் போனவர் அல்ல. மூடியையும் எண்ணி வாங்குகிற ஆள். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. தோற்ற கோபத்தில் ஏறினார், பொத்தானை அமத்தினார், கார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஒழுங்கையை விட்டு வெளியேறியது. நான் அவரைச் சந்தோஷமாக அனுப்பியிருந்தால் அவர் கானைக் கேட்டிருப்பார். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் கை கழுவிவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்க உட்கார்ந்தேன். எதிரே வேலை மேசை. மேசையில் ஒரு நாலு லீற்றர் கான். அதன் மேல் ரிஸ்வானின் கையெழுத்தில் மாஸ்டரின் கார் நம்பர். சீல் உடைக்கப்படவில்லை.

ஐயோ மாதாவே.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சோற்றுப் பார்சலை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். எஞ்சினுக்குள் ஒரு சொட்டு ஒயில் இல்லை. பற்றரியில் போகும் வரைக்கும் எஞ்சின் சுற்றாது, ஒன்றும் ஆகாது. எஞ்சின் பிடித்தது என்றால் இரும்பும் இரும்பும் உரசி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பற்றரி தாங்குவது ஒரு கிலோமீற்றர், மிஞ்சினால் இரண்டு. அவர்கள் போவது செட்டியார் தெருவுக்கு. நடுவில் கால்வாய்ப் பாலம். அந்த ஏற்றத்தில் பாரம் கூடும், எஞ்சின் பிடித்தே தீரும்.

மாஸ்டருக்கு போன் எடுத்தேன். வண்டி ஓட்டும்போது போனை நிறுத்தி வைப்பது அவருடைய சட்டம். ரீச்சருக்கு எடுத்தேன். எடுத்தார்.

"ரீச்சர், காரை நிப்பாட்டச் சொல்லுங்க!"

"என்ன தம்பி? கேக்கேல்லை, ஒரே பஸ் சத்தம்." உள்ளே மாஸ்டரின் குரல் கேட்டது. "வண்டி ஓடேக்க கதைக்கக்கூடாதாம் எண்டு சொல்லுறார் தம்பி. கடையடியில போய் எடுக்கிறன், என்ன?" என்று வைத்துவிட்டார். மறுபடி எடுத்தால் மணி மட்டும் அடித்தது.

நான் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது, வயிறு வேறு. காலி வீதிக்கு வந்து முதலில் கண்ட ஓட்டோவுக்குள் விழுந்தேன்.

"கொஹெத யன்னே, அய்யே?" என்று கேட்டார் சிங்கள ஓட்டோக்காரர். எங்கே போக வேண்டுமாம்.

தூரத்தில் பஸ்களுக்கு நடுவே மாஸ்டரின் வெள்ளைக் காரின் முதுகு தெரிந்தது. கையால் காட்டி, "அர சுது கார் எக்க!" என்றேன், அந்த வெள்ளைக் கார் என்று. அதற்கு மேல் மூச்சு வரவில்லை. ஒரு தடியன் மூச்சிரைக்க, ஒயில் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு காரைத் துரத்தச் சொன்னால் ஓட்டோக்காரர் என்ன நினைப்பார்? ஒயில் மாற்றிவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடுகிறான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். "ஹொரெக்த?" என்று கேட்டார். கள்ளனா என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண்ணாடியில் என் தலையைப் பார்க்கவில்லை, றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். காலி வீதியில் வான்கள் இரண்டு வரிசைக்கு நின்றன. என் வாழ்க்கையில் வெள்ளவத்தை ட்ராபிக்குக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரே நாள்தான். ஓட்டோ இடப்பக்கத்தால் நுழைந்து நுழைந்து போனது. கால்வாய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் கலர் லைட் சிவப்பு. மாஸ்டரின் கார் மூன்றாவதாக நின்றது. லைட் பச்சையானால் பாலம்.

எங்கள் ஓட்டோ ரீச்சரின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றது. கண்ணாடி திறந்துதான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, காலி வீதிக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஹொரா! நவத்தபன்!"

கள்ளா, நிப்பாட்டு. முப்பத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்த மனிதரை. அவருடைய பழைய மாணவர்கள் பாதிப் பேர் இருக்கும் வெள்ளவத்தையில்.

மாஸ்டரின் முகம் கறுத்தது. ரீச்சரின் விசிறி நின்றது. பக்கத்து பஸ்ஸில் எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின. லைட் பச்சையானது. முன்னால் நின்ற இரண்டு வண்டிகளும் போய்விட்டன. நான் ஓட்டோவிலிருந்து குதித்து, கானோடு போய்க் காரின் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"சேர், எஞ்சினைப் பிடிக்க விடாதீங்க! காரை ஓஃப் பண்ணுங்க! சாவியை எடுங்க!"

பின்னால் ஹோர்ன் சத்தம் வானத்தைப் பிளந்தது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். என்ன பிரச்சினை, யார் என்ன திருடியது என்று சிங்களத்தில் கேட்டார். ஓட்டோக்காரர் மாஸ்டரைக் காட்டினார். மாஸ்டர் என்னைக் காட்டினார்.

அந்த இடத்தில் எனக்கு மூன்று பொய்கள் தோன்றின, பிள்ளைகளே. நட்டு ஒன்று லூஸ், பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். இந்த ஒயில் தரம் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். ரிஸ்வான் மறந்துவிட்டான் என்றும் சொல்லலாம், அவன் பள்ளிவாசலில் இருக்கிறான், மறுத்துப் பேச ஆளில்லை. மூன்றும் வாய் வரைக்கும் வந்தன. ரீச்சர் மடியில் ஒரு சின்னப் பொம்மைப் பார்சலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், உங்கட எஞ்சினில ஒயில் இல்ல. பழசை வடிச்சோம். புதுசு ஊத்தல்ல. ஊத்த வேண்டியவன் நான். கதைச்சுக் கொண்டிருந்து மறந்திட்டேன்."

பொலிஸ்காரருக்கும் அதையே சிங்களத்தில் சொன்னேன். அவர் என் நெஞ்சில் கராஜ் பெயர் தைத்த சட்டையைப் பார்த்தார், கானைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரை ஓரமாகத் தள்ளச் சொன்னார். தள்ளியது நான், ஓட்டோக்காரர், பொலிஸ்காரர் மூவரும். ஓட்டோக்காரர் தள்ளும்போதே மாஸ்டரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பொனெற்றைத் திறந்து, கானின் சீலை உடைத்தேன். அப்போதுதான் புனல் கொண்டுவரவில்லை என்று தெரிந்தது. கானை அப்படியே சாய்த்து ஊற்றினால் பாதி வெளியே போகும். நான் திருதிருவென்று முழித்தேன். மாஸ்டர் தோள் பையைத் திறந்தார். சீ.ஆர். கொப்பியை எடுத்தார். பக்கம் புரட்டி, ஐம்பத்தாறு வீதக் கணக்கு எழுதிய தாளைச் சர்ரென்று கிழித்தார். கூம்பாகச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"ஊத்தும்," என்றார்.

கொப்பியில் ஒரு தாள் கிழிப்பவனை அவர் வகுப்பில் முழங்காலில் நிற்க வைத்தவர் என்று பின்னால் ரீச்சர் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

நாலு லீற்றரும் சிவப்பு மைக் கணக்குக்குள்ளால் இறங்கியது. கம்பியை இழுத்து மட்டம் பார்த்தேன். மாஸ்டர் சாவியைப் போட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கினோம், பொலிஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எஞ்சின் பிடித்தது. ஒயில் லைட் ஒரு தரம் எரிந்து அணைந்தது. பிறகு ஒரு கரகரப்பும் இல்லாமல் நல்ல பிள்ளையாக ஓடியது. ரீச்சர் இரண்டு கையையும் கூப்பினார், எங்கே பார்த்து என்று தெரியவில்லை, ஓட்டோக்காரர் தன்னைத்தான் என்று நினைத்துத் திருப்பிக் கும்பிட்டார்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்ரன், கராஜில இருந்து இஞ்ச வரைக்கும் சில்லு ஓடினது கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். எஞ்சின் ஓடினது எவ்வளவு?"

"பூச்சியம், சேர்."

"அப்ப சில்லு ஓடுறதும் எஞ்சின் ஓடுறதும் ரெண்டும் வேற வேறதானே?"

"வேற வேறதான், சேர்."

"அதைத்தான் நான் காலமையில இருந்து சொன்னனான்." காரை எடுக்கப் போனவர் நிறுத்தினார். கையை வெளியே நீட்டினார். "வெறும் கானைத் தாரும்."

நான் கராஜுக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ரிஸ்வான் பள்ளிவாசலிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "நான் ஊத்திட்டுப் போயிருக்கலாம் அண்ணே, என்ட பிழையும் ஈக்கி," என்றான். அவன் மேல் போட நினைத்த என்னை நினைத்து எனக்குக் கூசியது. இல்லை, அது முழுக்க என் பிழை என்று சொன்னேன். அடுத்த தடவை கார்ட் அச்சடித்தபோது அந்தக் கடைசி வரியை நானே எழுதிக் கொடுத்தேன். வெறும் கானைக் கொடுக்க வேண்டுமென்றால் கான் வெறுமையாக இருக்க வேண்டும். கான் வெறுமையாக இருக்க வேண்டுமென்றால் ஒயிலை எங்கேயாவது ஊற்றியிருக்க வேண்டும். என்னைப் போன்ற வாய்க்காரனுக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடையாது. உங்களில் வாய் நீளமானவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தான் அந்த வரியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். அந்த வரியில் ஒருநாளும் முன்கூட்டியே கையெழுத்து வாங்காதீர்கள்.

அவர்கள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். பஞ்சாயுதம் கட்டிய பேரனை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றை ரீச்சர் எனக்கு போனில் அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "வண்டி நல்லா ஓடினது தம்பி." அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

சரியாக ஆறு மாதத்தில், ஒரு நாள் கூடவும் இல்லை குறையவும் இல்லை, மாஸ்டர் வந்து இறங்கினார். மீற்றரில் இரண்டாயிரம்கூட ஏறியிருக்கவில்லை. கொப்பியை எடுக்கவில்லை. ஸ்டிக்கரில் ஆறு மாதம் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வரவேற்பறையில் அன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு நாக்குத் துருதுருத்தது.

"பாத்தீங்களா சேர், நான் அண்டைக்கே சொன்னேன், கிலோமீற்றர் மட்டும் பாத்தா..." என்று தொடங்கினேன்.

மாஸ்டர் மேசையிலிருந்த புதுக் கானைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"கதையைப் பிறகு கதைப்பம், அன்ரன். முதல்ல ஊத்தும்."